மாரி விட்ட பிறகு வாவிக்கரை

மார்கழியில் மட்டக்களப்புக்கு ஓய்வெடுக்கப் போகாதீர்கள். பாடசாலை விடுமுறையும் நத்தாரும் அப்போதுதான் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவுகள் வந்து இறங்குவதும் அப்போதுதான். ஆனால் மாரியும் அதே நாட்களில்தான் வருகிறது. கிழக்குக் கரையின் ஓராண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக் கடைசிக்கும் தை நடுப்பகுதிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். கடலையொட்டிய நீர்ப்பரப்பான வாவி பெருகி வயலுக்குள் ஏறும். முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். கடல் கலங்கி, அலை உயர்ந்து, மீனவர்களே வள்ளங்களைக் கரையில் ஏற்றிவைத்திருக்கும் காலம் அது. 2011 ஜனவரியில் வந்த பெருவெள்ளத்தின் ஈரம் காய்வதற்குள் பெப்ரவரியில் அடுத்த வெள்ளம் வந்ததை அங்குள்ள எவரும் மறக்கவில்லை.

நானும் கணவரும் இருப்பது பண்டாரவளையில், கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே. இருவரும் ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். மார்கழி, தை, மாசி மாதங்களில் எங்கள் வீட்டுச் சுவர்கள் பகலிலும் குளிர்ந்திருக்கும். இவருக்கு முழங்கால் வலி. காலையில் படி இறங்குவதற்குள் முகம் சுருங்கிவிடும். நான் பிறந்து வளர்ந்தது மட்டக்களப்பின் கல்லடியில். அதனால் குளிர் கடுமையாகும்போது சூட்டையும் நீரையும் தேடி நாங்கள் இறங்கும் திசை கிழக்குத்தான். ஆண்டுதோறும் போய்வந்ததில் எங்களுக்கு ஒரு முறை படிந்திருக்கிறது. எங்கள் வயதில் இருக்கும் மற்றத் தம்பதியருக்கு அது உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் காலம். தைப்பொங்கல் கழிந்து இரண்டு வாரமாவது பொறுத்திருக்க வேண்டும். பெப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை உள்ள இடைவெளிதான் எங்களுடையது. அப்போது மழை அநேகமாக விட்டிருக்கும். இடையில் ஒரு பாட்டம் பெய்தாலும் ஒரு மணிநேரத்தில் வெயில் திரும்பிவிடும். வடகிழக்குக் காற்றில் இன்னும் குளிர்ச்சி இருக்கும். பங்குனி நடுப்பகுதிக்குப் பின் வெயில் ஏறிவிடுகிறது. சித்திரையில் புத்தாண்டு விடுமுறையோடு பாசிக்குடாவும் அறுகம்குடாவும் நிறைந்துவிடும். அதுவும் நல்ல காலம்தான், ஆனால் அது கடலில் குளிக்க வருகிறவர்களின் காலம்.

வானிலை அறிக்கையை நானும் பார்க்கிறேன். இருந்தாலும் புறப்படும் நாளைத் தீர்மானிப்பது தொலைபேசியில் பெரியம்மாவிடம் கேட்கும் ஒரு கேள்விதான்: "வேளாண்மை வெட்டத் தொடங்கிவிட்டார்களா?" பெரும்போக நெல்லை வெட்டும் இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கிவிட்டன என்றால் நிலம் காய்ந்துவிட்டது, வாய்க்கால் வற்றிவிட்டது, கிராமத்து வீதிகளில் தண்ணீர் நிற்கவில்லை என்று பொருள். உழவர்கள் தங்கள் ஆண்டு வருமானத்தையே வைத்து எடுக்கும் முடிவு அது. அதைவிட நம்பத்தக்க அறிகுறி எனக்குத் தெரிந்து இல்லை.

நாட்களைத் தெரிவுசெய்யும்போது பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தினத்தையும் பௌர்ணமி விடுமுறையையும் சிவராத்திரியையும் விலக்கிவிடுங்கள். வார இறுதியோடு ஒட்டிய விடுமுறை என்றால் கடற்கரை முழுக்கச் சுற்றுலா பஸ்கள் நிற்கும். ஓய்வூதியக்காரருக்கு இருக்கும் பெரிய வசதி திங்கட்கிழமை இறங்கி வெள்ளிக்கிழமை ஏறலாம் என்பது. அறை வாடகையும் குறைவாக இருக்கும். வீட்டுக்காரருக்கு நம்மோடு பேச நேரமும் இருக்கும்.

மலையிலிருந்து மட்டக்களப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு வந்து சேரும் வீதி ஒன்று. வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவை, பொத்துவில் என்று சுற்றிக் கரையோரமாக ஏறிவரும் வீதி மற்றது. போகும்போது முதல் வழி நல்லது. பிபிலை தாண்டியதும் காற்று மாறிவிடும். இவர் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டி, "இனி முழங்கால் தானாகவே சரியாகிவிடும்" என்று சொல்வார். சொன்னபடியே அது பாதி சரியாகியும் விடுகிறது.

மகாஓயாவில் இறங்கி வெந்நீர் ஊற்றுகளுக்குப் போகாமல் நாங்கள் கீழே போவதில்லை. அம்பாறை மாவட்டத்தின் மேற்கு எல்லையில், நகரத்திலிருந்து சிறிது தூரத்தில், சுவர் கட்டிய சிறு கிணறுகளாக அவை இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சூடு வேறுவேறு. சிலவற்றில் விரல் வைக்க முடியாது. சில கிணற்று நீரை வாளியில் அள்ளி ஆறவைத்தால் பொறுக்கக்கூடிய சூட்டுக்கு வந்துவிடும். ஒரு பழைய வாளி, ஒரு போத்தல் குளிர்ந்த நீர், ஒரு துவாய் கொண்டுபோங்கள். வாளி நீரின் சூட்டைக் கையால் பார்த்த பிறகே காலை வையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம், சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். ஆகையால் சூட்டைப் பார்ப்பது எப்போதும் துணையின் வேலை. இவருக்கு நான் பார்ப்பேன். காலை எட்டு மணியளவில் போய்விட்டால் கூட்டம் இருக்காது. பதுளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தால் அந்த நேரத்தைப் பிடிக்க முடியாது. வாடகை வான் என்றால்தான் முடியும். பஸ்ஸில் வருகிறவர்கள் நண்பகலுக்கு முன் ஒரு மணிநேரம் ஒதுக்கினாலே போதும்.

மகாஓயாவிலிருந்து புல்லுமலை, கரடியனாறு வழியாகச் செங்கலடி வரை உள்ள வீதி யானைக்காடு. மாலை நான்கு மணிக்குப் பின் அதில் பயணம் செய்யாமலிருப்பது எங்கள் வீட்டுச் சட்டம். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் சக்கரம் ஏற்றாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்பு.

இனித் தங்குமிடம். கிழக்குக்குப் போகிறோம் என்றால் எல்லோரும் கடலைத்தான் நினைக்கிறார்கள். நாங்கள் தங்குவது எப்போதும் வாவிக்கரையில். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம் கொண்டது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை கடலுக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. மாசி மாதத்தில் கடல் இன்னும் முழுதாக அடங்கியிருக்காது. காலையில் அமைதியாகத் தெரிந்தாலும் பிற்பகலில் இழுக்கும். வாவியோ மழைநீர் வடிந்து தன் மட்டத்துக்கு வந்து, காலை ஒன்பது மணி வரை அசையாமல் கிடக்கும். கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் கண்டல் ஓரங்களில் நிறைந்திருக்கும். தோணியில் நின்றபடி வீச்சுவலை எறிகிறவரை ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அலுக்காது. மலைக் குளிரிலிருந்து இறங்கி வருகிற முதிய உடம்புக்குத் தேவை சூடான காற்றும் உட்கார ஒரு நீர்க்கரையும்தான். அலையில் குதிக்கும் வயது எங்களுக்கு இல்லை.

எனக்கு வேறொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கல்லடியையும் நாவலடியையும் கடல் எடுத்தபோது நான் மலையில் இருந்தேன். என் சொந்தங்களில் சிலர் அங்கே இருந்தார்கள். அதன் பிறகு கடலைப் பார்க்க முடிகிறது, கடற்கரையில் நடக்கவும் முடிகிறது. அலைச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்க மட்டும் முடிவதில்லை. இதை நான் இவரிடம் ஒரேயொரு முறைதான் சொன்னேன். அதன் பின் எந்த ஆண்டும் இவர் கடற்கரை அறையைப் பற்றிப் பேசியதில்லை. மலையில் பிறந்தவருக்குக் கடல்மீது எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். காலையில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இருவர் சேர்ந்து ஓய்வெடுப்பதற்கு இடத்தைவிட இந்த மாதிரி உடன்பாடுகள்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். புறப்படும் முன்பே பேசிவிடுங்கள்: யாருக்கு எது முடியாது, யாருக்கு எது வேண்டும்.

அறை எடுக்கும்போது நாங்கள் பார்ப்பவை: கீழ்த்தளம், வழுக்காத குளியலறை, ஜன்னல்களில் கம்பிவலை, படுக்கைக்கு நுளம்புவலை, நீரைப் பார்த்த விறாந்தை. மேற்கே வாவியைப் பார்த்த படுக்கையறை படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் மாலை வெயில் முழுவதும் அதன் சுவரில் இறங்கி இரவு எட்டு மணி வரை சூடு போகாது. விறாந்தை மேற்கிலும் படுக்கையறை கிழக்கிலும் இருந்தால் மாலையும் நன்றாக இருக்கும், தூக்கமும் நன்றாக இருக்கும். பக்கத்தில் திருமண மண்டபம் இருக்கிறதா, கோயில் திருவிழா நடக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். தை, மாசியில் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. இவை குறையல்ல, அந்த ஊரின் வாழ்க்கை. ஆனால் தூக்கத்துக்காக வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

நுளம்பை அலட்சியம் செய்யாதீர்கள். மாரிக்குப் பின்வரும் வாரங்கள் கிழக்கில் டெங்குக் காலம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, குறிப்பாக விடிந்த பின்னும் மாலை மங்கும் முன்னும். நாம் விறாந்தையில் உட்கார விரும்பும் நேரமும் அதுவே. கை கால் மூடிய பருத்தி உடையும் பூசும் களிம்பும் கட்டாயம் வேண்டும். வாவியில் இறங்கிக் குளிக்கவும் வேண்டாம், அதில் முதலை உண்டு. உள்ளூர்க்காரர் இடுப்பளவு நீரில் நின்று வலை இழுப்பதைப் பார்த்து நாமும் இறங்கக் கூடாது. எந்த இடம், எந்த நேரம் என்பது அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

உறவினர் விடயத்தை எழுதாமல் விட்டால் இது முழுமையாகாது. சொந்த ஊருக்குப் போய்க் காசு கொடுத்து அறையில் தங்குவது எங்கள் பக்கத்தில் இலகுவான காரியம் அல்ல. "எங்கள் வீடு இருக்க உங்களுக்கு வாடகை அறை எதற்கு மகள்?" என்று பெரியம்மா கேட்டபோது அவர் குரலில் இருந்தது கோபம் அல்ல, வருத்தம். வீட்டில் தங்கினால் அவர் எழுபது வயதுக்கு மேல் அதிகாலையில் எழும்பி எங்களுக்காகப் பிட்டு அவிப்பார். நாங்கள் ஓய்வெடுக்க அவர் உழைப்பார். இதை அப்படியே அவரிடம் சொன்னேன். இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான்: வந்து இறங்கியதும் முதலில் பெரியம்மா வீட்டுக்கு. கையில் மலையிலிருந்து கொண்டுவந்த லீக்ஸ், கரட், பேரிக்காய், நல்ல தேயிலை, ஒரு போத்தல் கித்துள் பாணி. அன்று இரவுச் சாப்பாடு அங்கே. பிறகு ஒரு மாலை அவரை எங்கள் விறாந்தைக்கு அழைத்து வருவோம். நீரைப் பார்த்து உட்கார்ந்து தேநீர் குடிப்பது அவருக்கும் ஓய்வுதான். சொந்த ஊரில் அதை அவர் அனுபவித்ததே இல்லை. ஒளித்து வந்து ஒளித்துப் போனால்தான் மனக்கசப்பு வரும். முதல் நாளே போய் நின்றுவிட்டால் மற்ற நாட்கள் நம்முடையவை.

ஒரு நாளுக்கு ஒரு வெளிக்காரியம், அதற்கு மேல் இல்லை. காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்திருப்பதில்லை. இவர் ஐந்தரைக்கு எழுந்து கல்லடிப் பழைய பாலத்துக்கு நடந்துபோவார். 1920களில் கட்டி, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரைச் சூட்டிய இரும்புப் பாலம் அது. 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு பழையது நடப்பவர்களுக்கு நிம்மதியான இடமாகிவிட்டது. பாடும் மீன்கள் என்று சொல்லப்படும், வாவி நீருக்குள்ளிருந்து எழும் ஒலியைக் கேட்கும் ஆசையோடு வருகிறவர்கள் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், முழுநிலா இரவில், தோணியில் வர வேண்டும். மாசியில் அதை எதிர்பார்க்க வேண்டாம். இவர் நடந்து கடற்கரை வரை போய், கடல் அடங்கிய நாளில் கரைவலை இழுக்கிறார்கள் என்றால் நின்று பார்த்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்புவார். நான் ஏழு மணி வரை படுத்திருப்பேன். நாற்பது ஆண்டு பாடசாலை மணிக்கு எழும்பியவளுக்கு அது பெரிய செல்வம். பிறகு மீன் வாங்கப் போவேன்.

வாவி மீனின் ருசி கடல் மீனில் இல்லை என்பது என் பிடிவாதமான கருத்து. திரளி, ஓரா, கொடுவா, வாவி இறால், நண்டு: எது அன்று புதிதாக இருக்கிறதோ அதை வாங்கி வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தால் மாங்காய் போட்டுச் சொதியோ தேங்காய்ப் பாலில் குழம்போ வைத்துத் தருவார். சமைத்துத் தருவார்களா என்பதை அறை பேசும்போதே கேட்டுவிடுங்கள். காலையில் இடியப்பம் அல்லது பிட்டு, மதியம் புது நெற்சோறு, மாலையில் அவித்த பனங்கிழங்கு, இரவில் சட்டித் தயிரும் பாணியும். படுவான்கரை எருமைத் தயிரைச் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் உறையவைக்கிறார்கள். அதை வாங்கினால் அன்றே சாப்பிட்டு முடியுங்கள். பயணத்தில் கொண்டு போகாதீர்கள், சூட்டில் புளித்துவிடும்.

மதியம் நித்திரை. கீழே இறங்கிய முதல் இரண்டு நாட்கள் மலை உடம்பு மிகவும் வியர்க்கும். தாகம் எடுக்கும் முன் தண்ணீர் குடிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போக்கும் மாத்திரை எடுக்கிறவர்கள் புறப்படும் முன் மருத்துவரிடம் இந்தச் சூட்டைப் பற்றிச் சொல்லி ஆலோசனை கேளுங்கள். நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம்.

எங்கள் வெளிக்காரியங்களில் நான் மிகவும் விரும்புவது பாதையில் வாவியைக் கடப்பது. தட்டையான மிதவையில் ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவதைத்தான் எங்கள் ஊரில் பாதை என்கிறோம். முன்பு மண்முனையிலும் பாதைதான். 2014இல் அங்கே பாலம் வந்துவிட்டது. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் போவதற்குப் பாதைத் துறைகள் இருக்கின்றன. நாங்கள் பெரும்பாலும் தெரிவுசெய்வது குருமண்வெளித் துறை. கல்லடியிலிருந்து கல்முனை பஸ் ஏறினால், வீதி நடுவே பேரீச்சை மரங்கள் நிற்கும் காத்தான்குடியும் ஆரையம்பதியும் கடந்து களுவாஞ்சிகுடிப் பக்கம் போய் இறங்கலாம். அங்கிருந்து துறைக்கு ஆட்டோ. ஆட்டோத் தம்பியிடம் திரும்பி வரும் நேரத்தையும் பேசிக்கொள்ளுங்கள்.

துறையில் யாரும் அவசரப்படுவதில்லை. பாடசாலை ஆசிரியர், சந்தைக்குப் போய்வந்த பெண், உர மூட்டையோடு ஒரு விவசாயி, கோயிலுக்குப் போகும் குடும்பம் என்று ஆட்கள் சேர்வார்கள். "எந்த ஊர் அக்கா, யாருடைய மகள்?" என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்குள் ஓர் உறவுமுறை கண்டுபிடித்துவிடுவார்கள். இவரிடம், "சேர், மலையில் இப்போது தேயிலைக்கு என்ன விலை?" என்று பேச்சு போகும். மிதவை நடுவாவிக்கு வரும்போது இரண்டு கரையும் சம தூரத்தில் தெரியும். கிழக்கே தென்னை, மேற்கே கண்டலும் அதற்குப் பின்னால் வெட்டிய வயலின் மஞ்சளும். சில நிமிடப் பயணம்தான், ஆனால் அதற்காகவே ஒரு நாளைக் கொடுக்கலாம்.

காலையில் கடந்து, நண்பகலுக்குள் திரும்பிவிடுவது நல்லது. பிற்பகலில் காற்று எழும்பினால் வாவியும் அலையடிக்கும். காற்று மிகுந்தால் பாதை நிற்கும். மிதவையில் நிழலும் இருக்காது, குடை வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறி இறங்கும்போது யாராவது கை கொடுப்பார்கள், கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அக்கரையில் மண்டூர் முருகன் கோயில். கதிர்காமத்தைப் போல வாயைத் துணியால் கட்டி, திரைக்குப் பின்னால், மந்திரம் சொல்லாமல் பூசை செய்யும் கோயில் அது. அங்கே கற்பூரம் ஏற்றிவிட்டு மரநிழலில் உட்கார்ந்திருப்போம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போக மண்முனைப் பாலம் இருக்கிறது, வாகனத்திலேயே போய்விடலாம். அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் அடைக்க நினைத்தால் அது கோயில் சுற்றுலாவாகிவிடும்.

பாலமீன்மடுவில் வாவி கடலோடு சேரும் இடத்தையும் 1913இல் கட்டிய வெளிச்சவீட்டையும் மாலையில் பார்க்கலாம். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தாண்டில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்ட கோட்டையை அரைமணி நேரத்தில் சுற்றிவிடலாம். கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதிக்கு நான் ஒவ்வொரு முறையும் போவேன். அவர் தொடங்கிய கல்விப் பணியின் நிழலில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள். இவையெல்லாம் நடந்தும் ஆட்டோவிலும் முடியும் சின்னக் காரியங்கள்.

கடலில் கால் நனைக்காமல் திரும்ப மனமில்லை என்றால் வார நாளில் பாசிக்குடாவுக்குப் போய்வாருங்கள். மட்டக்களப்பிலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர். பவளப்பாறை அலையைத் தடுக்கிறது, வெகுதூரம் வரை ஆழமும் குறைவுதான். ஆனாலும் மாசியில் நீர் சற்றுக் கலங்கியிருக்கும், உள்ளூர் மீனவர் வேண்டாம் என்றால் இறங்காதீர்கள். பக்கத்துக் கல்குடாக் கரை அமைதியானது, நடக்க நல்லது, ஆனால் அங்கே நீர் சீக்கிரம் ஆழமாகும்.

தெற்கே அம்பாறைப் பக்கம் பற்றி இரண்டு வார்த்தை. அறுகம்குடாவில் அலைச்சறுக்குக் காலம் சித்திரை, வைகாசியில் தொடங்கி ஐப்பசி வரை. மாசியில் பல கடைகள் மூடியிருக்கும். கூட்டம் வேண்டாதவர்களுக்கு அதுவே நல்ல காலம், சாப்பாட்டுக்கு மட்டும் முன்னரே சொல்லிவைக்க வேண்டும். பொத்துவில் களப்பில் கண்டல் காட்டுக்குள் தோணியில் கூட்டிப்போவார்கள். எனக்கு அதைவிடத் திருக்கோவில் பிடிக்கும். சித்திரவேலாயுத சுவாமி கோயில் வாசலிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். திரும்பும்போது மருதமுனையில் இறங்கிக் கைத்தறிச் சேலை ஒன்று எடுத்துக்கொள்வேன். இந்த வழியாக மலையேறினால் லகுகலக் குளத்தின் புல்வெளியில் யானைகளைப் பஸ்ஸிலிருந்தே காணும் வாய்ப்பு உண்டு. பொத்துவிலிலிருந்து காலையில் புறப்பட்டுவிடுங்கள். லகுகல, சியம்பலாண்டுவைக் காட்டைப் பகல் வெளிச்சத்தில் கடக்க வேண்டும். வெல்லவாயவிலிருந்து எல்ல ஏற்றத்தையும் மூடுபனி இறங்கும் முன் முடித்துவிட வேண்டும்.

இங்கினியாகலைச் சேனாநாயக்க சமுத்திரத்தை இந்தப் பயணத்தோடு ஒட்டவைக்க வேண்டாம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் உருவான அந்த நீர்த்தேக்கம் நாட்டிலேயே மிகப் பெரியது. தீவுக்குத் தீவு யானைகள் நீந்திக் கடப்பதைப் படகிலிருந்து பார்க்கலாம். ஆனால் அதற்கு அதிகாலைப் படகு வேண்டும், மாலைப் படகும் வேண்டும், இரண்டு இரவாவது அங்கே தங்க வேண்டும். வாவிக்கரையில் நான்கு நாள் இருந்துவிட்டு அங்கே ஓடினால் இரண்டிலும் பாதிதான் கிடைக்கும். இவருக்கு யானைகள்மீது ஆசை அதிகம். மாசியில் வாவிக்கரை முடிந்த பின் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, பங்குனியில் அங்கே மட்டும் தனியாகப் போவது என்று பேசி வைத்திருக்கிறோம். படகுக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், வார நாளாகப் பார்க்க வேண்டும்.